கம்பெனி பிரேக்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் கிளிஞ்சல்மேட்டில் ஆண்கள் வீட்டோடு கிடப்பார்கள். வீட்டோடு கிடக்கிற ஆம்பளை சும்மா இருக்க மாட்டான் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வருஷம் முதல் பத்து நாளிலேயே முத்தையன் கோழிக்கூண்டைப் பிரித்துக் கட்டினார், குழாயடியை இடித்துப் பூசினார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி ஓடாமல் செய்தார். ஆகவே, மகன் ஆதவன் தன் காருக்கு வாசலில் வைத்தே பிரேக் மாற்றப் போகிறேன் என்று சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் மனைவி ராசாத்திக்கு நிம்மதி தாங்கவில்லை.

ஆதவனுக்கு இருபத்தொன்பது வயது. படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கினான். வாங்கியவன் அதை வந்தபடியே ஓட்டினானா என்றால் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஆர்டர் போட்டு, முன்சக்கரங்களுக்கு ஓட்டை ஓட்டையாகத் துளைத்த பெரிய பிரேக் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கச் சிவப்புச் சாயம் அடித்த காலிப்பரும் மாட்டினான். சக்கரத்தின் இடுக்கு வழியே அந்தச் சிவப்பு தெரிய வேண்டும், பார்க்கிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும். வயசு அப்படி. இப்போது அப்பாவின் ஃபைபர் படகுக்குப் புது எஞ்சின் போட்டாக வேண்டும், தடைக்காலம் முடிவதற்குள். காரை விற்கத் துணிந்துவிட்டான்.

வாங்க வந்தவள் நுஸ்ரத். தலத்தெருவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் அஸ்கர் சார்ஜாவில். வீட்டில் அவளும் அவள் தாய் சித்திக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். வண்டியோட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. செல்போனில் அஸ்கருக்குக் காரைச் சுற்றிக் காட்டினாள். அவர் சக்கரத்தைப் பார்த்ததும் ஏதோ சொன்னார்.

"தம்பி, இந்த பிரேக்கு சூடானாத்தான் நல்லாப் புடிக்குமாமே? மச்சான் சொல்றாங்க," என்றாள் நுஸ்ரத். "நான் வீட்லேர்ந்து ஸ்கூலுக்குப் போறது ஒன்னரை கிலோமீட்டரு. அதுக்குள்ள அது எங்க சூடாவப் போவுது? பழைய கம்பெனி பிரேக்கு வச்சிருந்தா அதையே மாட்டிக் குடுத்துடுங்க."

"இருக்குக்கா. பத்திரமா இருக்கு," என்றான் ஆதவன்.

பத்திரமாகத்தான் இருந்தது. முத்தையன் படகுக் கொட்டகையிலிருந்து ஒரு சாக்கைத் தோளில் சுமந்து வந்து, பிறந்த பிள்ளையை இறக்குகிற மாதிரி வாசலில் இறக்கினார். சாக்குக்குள் பிளாஸ்டிக் தாள், அதற்குள் பழைய வேட்டி, அதற்குள் மூன்று வருஷத்துக்கு முன் கழற்றிப்போட்ட கம்பெனிக் காலிப்பர் இரண்டும் டிஸ்க் இரண்டும். எல்லாவற்றின் மேலும் விரற்கனத்துக்குக் கிரீஸ்.

"பாருடா! மூணு வருசம். ஒரு பொட்டுத் துரு இருக்கா, சொல்லு."

இல்லை. கடலோரத்தில் இரும்பைத் திறந்து போட்டால் மூன்று மாதத்தில் உப்புக் காற்று தின்றுவிடும். அதனால் அங்கே எந்த இரும்பைக் கண்டாலும் கிரீஸ் பூசுவார்கள். நங்கூரச் சங்கிலிக்கும் கிரீஸ், எஞ்சினுக்கும் கிரீஸ், கதவுக் கொண்டிக்கும் கிரீஸ். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல அது கைப்பழக்கம்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துத் தொடச்சு, திரும்பப் பூசி வச்சிருக்கேன்," என்றார் முத்தையன். "இந்தா, இந்த ஓட்டை இருக்கே, இதுக்குள்ள ஈரக்காத்து பூந்துடும்னு விரல விட்டு அடைச்சே வச்சிட்டேன். நீ தூக்கிப் போட்டுட்டுப் போயிட்ட. நான்தான் பொத்திப் பொத்தி வச்சேன்."

அவர் காட்டிய ஓட்டை, பிரேக் ஆயில் உள்ளே போகிற வழி. ஆதவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிரேக்குக்குள்ளே இருக்கிற ரப்பருக்குக் கிரீஸ் ஆகாது. டீசலும் ஆகாது, மண்ணெண்ணெயும் ஆகாது. பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஊதினால், கவ்வின காலிப்பர் விடாது. கவ்விக்கொண்டே ஓடினால் சூடேறும், சூடேறினால் ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இது ஆதவனுக்குத் தெரியும். முன்பு கழற்றும்போதே படித்திருந்தான். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத்தான் தோன்றவில்லை.

வேட்டித் துணியால் துடைத்தான். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் உறை, மழையில் நனைந்த செருப்புத் தோல் மாதிரி தொளதொளத்து விரலுக்கு வழிவிட்டது. உள்ளே இருக்கிற வளையத்தின் நிலைமை எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். புது ரப்பர் செட் காரைக்காலில் கிடைக்காது. தஞ்சாவூரிலிருந்து வர நாலு நாள் ஆகும். மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொள்ள வருவதாக நுஸ்ரத் சொல்லியிருந்தாள்.

நிமிர்ந்தான். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எப்போது பாராட்டு வரும் என்று காத்திருக்கிற முகம்.

"என்னடா, நல்லாருக்கா?"

"நல்லாருக்குப்பா."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் ஆரம்பித்தது. அதற்கப்புறம் செய்த வேலைகளில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. டிஸ்க்கைப் பெட்ரோல் போட்டுக் கழுவினான். கிரீஸ் அடைத்த வழியைக் குச்சியால் நோண்டி, பிரேக் ஆயில் ஊற்றி அலசினான். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடு புதிது, ஆயில் போகிற ஹோஸும் புதிது. சிவப்புக் காலிப்பரைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டுப் பழையதை முறுக்கி ஏற்றினான். இடது பக்கத்துப் பிஸ்டன் உள்ளே போக முரண்டு பிடித்தது. வலது பக்கம் சுமாராகப் போயிற்று. 'ஓட ஓடச் சரியாயிடும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தப்புச் செய்கிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் எப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே கிடைத்துவிடுகிறது.

கடைசியில் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். முத்தையன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிப்பா... அப்படியே அமுக்கிப் புடி... ம், விடு. திரும்ப மிதி."

"எத்தன தடவடா? துடுப்புப் போட்டிருந்தாகூட இந்நேரம் நாகப்பட்டினம் போயிருப்பேன்."

"போயிட்டுத்தான் வாங்களேன்," என்றாள் ராசாத்தி உள்ளிருந்து. "நானும் கொஞ்சம் கண்ணசருவேன்."

சிரித்தார்கள். ஆதவன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருந்தான். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நுஸ்ரத் தாயோடும் பிள்ளைகளோடும் வந்தாள். முத்தையன் சூடம் ஏற்றி, அம்பகரத்தூர் அம்மனை நினைத்து மூன்று சுற்றுச் சுற்றி, முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். அதுவரை பொறுமையாக ஒதுங்கி நின்ற நுஸ்ரத், ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து "பிஸ்மில்லாஹ்" என்றாள். பின்னால் சித்திக்கா உதடசைத்து எதையோ ஓதி, பேத்திகள் தலையில் ஊதினாள். இந்தப் பக்கம் ஒரு வேண்டுதல், அந்தப் பக்கம் ஒரு வேண்டுதல். இரண்டுக்கும் நடுவில் கைகட்டி நின்ற ஆதவனுக்கு, சாமியின் கண் முன்னாலேயே பொய்க்கணக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி போய்விட்டது.

"நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கு," என்றார் முத்தையன்.

அன்றே தஞ்சாவூருக்கு ரப்பர் செட்டுக்குச் சொல்லிவிட்டான். சொன்னதும் பாதிப் பாவம் கழிந்ததாக நினைத்துக்கொண்டான். ஆனால் சோறு இறங்கவில்லை. விளக்கேற்றியபின் ராசாத்தி நீட்டிய திருநீற்றை, கையெல்லாம் ஆயில் என்று சொல்லித் தவிர்த்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பொறுக்கமாட்டாமல் நுஸ்ரத்துக்குப் போன் செய்தான்.

"வண்டி எப்படிக்கா ஓடுது?"

"நல்லா ஓடுது தம்பி. பிரேக்கப் புடிச்சா மட்டும் லேசா எடது பக்கம் இழுக்குது. எங்கைதான் இன்னும் பழகல. உம்மாகூடத் திட்டுறாங்க, நேராப் புடிடீன்னு."

"ஒரு சர்வீஸ் பண்ணித் தரேன்க்கா. சும்மாத்தான். சனிக்கிழமை வரட்டுமா?"

"அடடே! வித்த வண்டிய வீடு தேடி வந்து பாக்குறேங்குறீங்களே, இந்தக் காலத்துல யாரு செய்வா? வாங்க தம்பி. வியாழக்கிழம சாயங்காலம் உம்மாவ நாகூருக்குக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். புள்ளைங்களும் குதிக்குதுங்க. போயிட்டு வரலாம்ல, வண்டி தாங்கும்ல?"

இங்கேதான் அவன் சொல்லியிருக்க வேண்டும். போகாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால், தெரிந்தே மாட்டிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ரப்பரை யாருக்கும் தெரியாமல் சனிக்கிழமை மாற்றிவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டமில்லை. அப்பாவுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. உபகாரம் செய்கிறவன் என்ற பெயரும் கிடைக்கும்.

"பாத்துப் போங்கக்கா," என்றான். "மெதுவாப் போங்க. ஓட்டும்போது போன எடுக்காதீங்க."

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் பார்சலில் ரப்பர் செட் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொட்டலம். அதைப் பார்த்ததும் அவனால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நாலரை மணிக்கு நுஸ்ரத்துக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. திரும்பப் போட்டான். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்காதே என்று சொன்னவன் அவன்தான். சொன்ன சொல்லை அவள் தட்டவில்லை.

பைக்கை எடுத்தான். அரசலாற்றுப் பாலம் தாண்டி, திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவும் தாண்டுகிற வரை அவன் வாய் முணுமுணுத்தது ஒன்றைத்தான்: தாயே, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அதுகளை விட்டுவிடு.

கடைத்தெரு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கார் நின்றது. சாலையை விட்டு இறங்கி, மணலில் மூக்கைப் புதைத்த மாதிரி. இடது முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. கருகின நாற்றம். ஒரு இளநீர்க்காரர் தன் தள்ளுவண்டியை இழுத்து வந்து காருக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி, வருகிற வண்டிகளுக்குச் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். வியாபாரம் போனால் போகிறது என்று நின்ற அந்த மனுஷர் யாரென்று ஆதவனுக்கு இன்றுவரை தெரியாது. சித்திக்கா வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளும் அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தன. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"தம்பி!" நுஸ்ரத் ஓடி வந்தாள். "நான் இன்னும் போனே பண்ணலையே, நீங்க எப்படி... மிதிச்சா பிரேக்கு கீழ வரைக்கும் போயிடுச்சு தம்பி. முன்னால ஒரு பஸ்ஸு. சட்டுனு கைப்பிரேக்க இழுத்து மணல்ல எறக்கிட்டேன். நான்தான் கெடுத்துட்டேன் போலருக்கு. வீட்லேர்ந்து கெளம்புறப்ப கைப்பிரேக்க முழுசா எறக்காமலே ஓட்டியிருப்பேன். அதான் பொகைஞ்சிருக்கு. பாருங்க, நீங்க எவ்வளவு நல்லா மாட்டிக் குடுத்தீங்க!"

ஒரு தலையசைப்புப் போதும். கேட்காமலே அவள் அவனுக்கு ஒரு வழி திறந்துவிட்டிருந்தாள். ஆமாக்கா, கைப்பிரேக்தான், இனிமே கவனமா இருங்க என்று சொல்லிவிட்டு, பையிலிருக்கும் பொட்டலத்தை எடுத்து மாட்டிவிட்டுப் போய்விடலாம். ஆயுசுக்கும் அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவன் புகைகிற சக்கரத்தைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைப் பார்த்தான். சின்னவள் இளநீரை மோவாயெல்லாம் வழியவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"கைப்பிரேக் பின்சக்கரத்துக்குக்கா," என்றான். "புகை வர்றது முன்சக்கரத்துல. தப்பு உங்களோடது இல்ல. உள்ள இருக்குற ரப்பர் கெட்டுப்போனது. கெட்டுப்போனதுன்னு எனக்குத் தெரியும்."

நுஸ்ரத்துக்கு உடனே புரியவில்லை. "இப்பத் தெரியும்கிறீங்களா?"

"மாட்டும்போதே."

இளநீர்க்காரர் துண்டாட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம கேட்டேனே," என்றாள் நுஸ்ரத். குரல் சின்னதாகிவிட்டது. "வண்டி தாங்குமான்னு கேட்டேனே தம்பி."

"கேட்டீங்க."

"பாத்துப் போங்கன்னீங்க."

அவன் தலை குனிந்தான்.

"புள்ள வாயத் தொறந்து சொல்லிடுச்சு, விடு நுஸ்ரத்து," என்றாள் சித்திக்கா வேலியோரத்திலிருந்து. "அல்லா நம்மளக் காப்பாத்திட்டான்."

"உம்மா, நீங்க சும்மா இருங்க. எனக்கு வயிறு எரியுது." அவன் பக்கம் திரும்பினாள். "ஏன்? எனக்கு அது தெரியணும். ரெண்டு நாள் பொறுங்கன்னா பொறுத்திருப்பேனே. நான் என்ன அவசரப்பட்டேனா?"

ஆதவன் சொன்னான். படகுக் கொட்டகை, சாக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசின கிரீஸ், வாசலில் இடுப்பில் கை வைத்து நின்ற அப்பாவின் முகம். சொல்லச் சொல்ல அது ஒரு காரணமாகவே தோன்றவில்லை அவனுக்கு. அப்பாவின் பின்னால் ஒளிந்துகொள்வது போலத்தான் இருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டான். "பூசினது அவரு. மாட்டினது நான்."

"அய்யாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"இன்னும் சொல்லல." நுஸ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல அவருகிட்டப் போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து வண்டியில கைய வையிங்க. அதுவரைக்கும் வேணாம். இவ்வளவு பாசமா வச்சவருக்குப் பொய்யச் சொல்லி, எங்களுக்கும் பொய்யச் சொல்லி... யாருக்காகத் தம்பி இதெல்லாம்?"

அவன் ஆட்டோ பிடித்து அவர்களை ஏற்றிவிட்டான். நாகூருக்குப் போகட்டுமா, வீட்டுக்கா என்று ஆட்டோக்காரர் கேட்டார். "நாகூருக்கே போங்க," என்றாள் சித்திக்கா. "இப்பப் போவாம எப்பப் போறது?"

முத்தையன் வாசலில் மின்விசிறியின் உறுப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆதவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னான். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா."

"அந்தப் பொண்ணுக்கு?"

"இல்ல."

ஒரு திருகாணியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "கிரீஸு ரப்பருக்கு ஆவாதா?"

"ஆவாதுப்பா. பிரேக்குல இருக்குற ரப்பருக்கு ஆவாது."

"அம்பது வருசமாப் பூசுறேன்," என்றார். வருத்தம் இருந்தது. ஆனால் ஆதவன் பயந்த அளவுக்கு இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. பிறகு அவர் குரல் மாறியது. "அன்னிக்கே நீ சொல்லியிருந்தா எனக்கு மனசு கஷ்டமா இருந்திருக்கும். ஒரு ராத்திரி தூக்கம் வந்திருக்காது. அவ்வளவுதானடா. அதுக்காகவா ரெண்டு பச்சப் புள்ளைங்கள அதுல ஏத்திவுட்ட?"

அழக்கூட ஆதவனுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளிருந்து ராசாத்தி வந்து இரண்டு பேருக்கும் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அப்பாவும் மகனும் கார் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆதவன் ராத்திரி போனில் சொல்லியிருந்தபடி நுஸ்ரத் முதல் பஸ்ஸில் வந்து காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முத்தையன் நேரே அவளிடம் போனார்.

"அம்மாடி, கிரீஸு பூசினது நான்தான்."

"நீங்க நல்லதுக்குப் பூசினீங்க அய்யா. உங்கமேல எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்த வாக்கியத்தில் ஆதவனுக்கு இடமில்லை. அவனுக்கும் அது தெரிந்தது. சக்கரத்தைக் கழற்றினான். காலிப்பரைப் பிரித்து, ஊதிப்போன வளையத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பக்கத்தில் புது வளையத்தையும் வைத்தான். அவள் இரண்டையும் விரலால் அமுக்கிப் பார்த்தாள். வெந்துபோயிருந்த பேடுகளையும் மாற்றினான். பிறகு ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டி மாட்டினான், வலது பக்கத்திலும். ஒன்றைக்கூட அவன் மறைக்கவில்லை, அவளும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடவில்லை. பழைய பிரேக் ஆயில் முழுவதையும் வடித்துப் புதிது ஊற்றினான். மிதிக்கும் வேலைக்கு முத்தையன் கிளம்பியபோது, "நான் மிதிக்கிறேன் அய்யா, கத்துக்குறேன்," என்று அவளே ஏறி உட்கார்ந்தாள்.

வேலை முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தவனை அழைத்தாள்.

"ஏறுங்க தம்பி. அய்யா முன்னால வரட்டும். நீங்க பின்னால, எம்புள்ளைங்க உக்காந்திருந்த எடத்துல."

ஏறினான். சீட்டில் பிஸ்கட் தூள் கிடந்தது, ஒரு சின்ன ரிப்பன் கிடந்தது. அங்கே உட்கார்ந்தால் பிரேக் தெரியாது, கிளட்ச் தெரியாது. முன்னால் இருக்கிறவளின் தலையும், அதற்கப்பால் ஓடி வருகிற சாலையும்தான். மூன்று வருஷம் ஓட்டிய வண்டியில் அவன் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை.

பட்டினம் கடைத்தெருவில், முன்னால் போன பஸ் ஆளேற்றச் சட்டென்று நின்றது. ஆதவனின் வலது கால் வெறும் தரையை அழுத்தியது. கை, முன்சீட்டை இறுகப் பிடித்தது. வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல், பஸ்ஸுக்கு இரண்டு முழம் விட்டு நேராக நின்றது.

நுஸ்ரத் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமாக்கா."

"நல்லது," என்றாள். பஸ் நகர்ந்ததும் கியரைப் போட்டு, காரைக்காலை நோக்கி மெதுவாக ஓட்டினாள்.